"யூசர் எர்ரர்" என்று டிக்கெட்டை மூடுகிறோமே, அதற்கு யார் பொறுப்பு? (ஹொரைசன் வழக்கை முன்வைத்து)

நைட்ஷிஃப்ட்காரன் (தொடக்கப் பதிவு)

மென்பொருள் பற்றி வரும் புகார்களை, அதாவது டிக்கெட்டுகளை, பார்த்து மூடும் சப்போர்ட் ப்ராஜெக்டில் காலம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் தபால் துறையின் ஹொரைசன் விவகாரத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 வாக்கில் பிரிட்டனின் தபால் நிலையங்களுக்குக் கணக்கு பார்க்க ஹொரைசன் என்ற மென்பொருள் வந்தது. உருவாக்கிப் பராமரித்தது ஃபுஜிட்சு. கிளைகளில் பணம் குறைவதாக அது காட்ட ஆரம்பித்தது. தபால் துறை மென்பொருளை நம்பியது, கிளை நடத்தியவர்களைத் திருடர்கள் என்றது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்ப்பு வந்தது. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது காவல்துறைகூட அல்ல, தபால் துறையேதான். மென்பொருளில் கணக்கைக் கெடுக்கும் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது.

நான் பேச வந்தது கோர்ட் கதை இல்லை. அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பிழை. 2015இல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரின் கிளையிலிருந்து இன்னொரு சிறு கிளைக்கு 8,000 பவுண்டு பணம் பையில் போகிறது. அங்கே வாங்கிக்கொண்டவர் கணினியில் வரவு வைக்கிறார். திரை மூடாமல் அப்படியே நிற்கிறது. மறுபடி என்டர் தட்டுகிறார். மறுபடியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 8,000 வரவாகிறது. மொத்தம் 32,000. கையில் இருப்பதோ 8,000. கணக்குப்படி 24,000 பவுண்டைக் காணோம்.

இப்போது சொல்லுங்கள், இது யூசர் எர்ரரா, அதாவது பயன்படுத்தியவரின் தவறா? என்டரை நாலு தடவை தட்டியது அவர்தானே! நம் அணிக்கு இந்த டிக்கெட் வந்திருந்தால் என்ன போட்டு மூடியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓஎம்ஆர்_புழு

பாஸ், ரொம்ப உணர்ச்சிவசப்படாதீர்கள். நமக்குச் சம்பளம் டிக்கெட் மூடுவதற்கு. எஸ்எல்ஏ, அதாவது இத்தனை நேரத்துக்குள் முடிப்போம் என்ற ஒப்பந்தக் கெடு, தவறினால் அப்ரைசலில் அடி விழும். கோர்ட்டுக்கு இழுத்தது வக்கீல்கள், இழுக்கச் சொன்னது மேனேஜ்மென்ட். டெவலப்பர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

சோதனைச்சாவடி

ஒரே பை, ஒரே பார்கோடு, நாலு தடவை உள்ளே வருகிறது. இரண்டாவது தடவையே "இது ஏற்கெனவே வரவாகிவிட்டது" என்று தடுக்காத மென்பொருளுக்குப் பெயர் யூசர் எர்ரரா? பட்டன் தட்டினால் திரையில் அசைவு இல்லை என்றால் மனிதன் மறுபடி தட்டுவான். லிஃப்டுக்குக் காத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் பாருங்கள். பதினைந்து வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன், நான் புது ஸ்க்ரீனில் முதலில் செய்து பார்ப்பதே சமர்ப்பி பட்டனை வேகமாக நாலு தட்டுத் தட்டுவதுதான். டெவலப்பர்கள் "அப்படி யாராவது செய்வார்களா மேடம்?" என்பார்கள். செய்வார்கள்.

ஈஸ்ட்ஹாம்_வாசி

இங்கே லண்டனில் தமிழாக்கள் நடத்துகிற கடைகள் பலவற்றில் ஒரு மூலையில் தபாற்கந்தோரும் இருக்கும். அதனால் எங்களுக்கு இது பேப்பர் செய்தி மட்டும் இல்லை. ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேணும். கிளை நடத்துகிற சப் போஸ்ட்மாஸ்டர் அரசாங்க ஊழியர் இல்லை. சொந்தக் காசு போட்டு எடுத்து நடத்துகிறவர். கணக்கில் பணம் குறைந்தால் அவர்தான் கட்ட வேணும் என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது. கணக்கு முடிக்கிற நாளில் திரையில் காட்டுகிற குறையை ஏற்றுக்கொள்ளாமல் அடுத்த நாள் கடையைத் திறந்து வியாபாரம் செய்ய முடியாது. ஏற்றுக்கொண்டால், நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

உதவி எண்ணுக்கு எடுத்தவர்களில் கனபேருக்குக் கிடைத்த பதில்: "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதையே சொல்லியிருக்கிறார்கள். பிரிட்லிங்டனில் இருந்த லீ காஸில்டன் 91 தடவை உதவி கேட்டு எடுத்தார். கடைசியில் அவர் மேலேயே சிவில் வழக்கு. வக்கீலுக்குக் காசில்லாமல் தானே வாதாடினார். இல்லாத 25,000 பவுண்டு சொச்சக் குறைக்காக 2007இல் தோற்று, 3,21,000 பவுண்டு வழக்குச் செலவு தலையில் விழுந்து திவாலானார். சீமா மிஸ்ரா என்ற பெண்ணை 2010இல் சிறைக்கு அனுப்பினார்கள், அப்போது அவர் கர்ப்பிணி. 2021இல்தான் அவருடைய தண்டனை ரத்தானது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்திருக்கலாம் என்று இந்த விவகாரத்தை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழு 2025 ஜூலையில் தந்த அறிக்கை சொல்கிறது.

தம்பி ஓஎம்ஆர், எஸ்எல்ஏ பற்றிக் கதைக்கும்போது இதையும் ஒருக்கால் நினையுங்கோ.

மெயின்ஃப்ரேம்_மாமா

நான் பழைய ஆள், கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் தொடங்கியவன். ஹொரைசன் கோடு பற்றி விசாரணைக் குழுவில் வெளிவந்த 1998ஆம் வருட உள் அறிக்கை ஒன்று இருக்கிறது. கவுன்ட்டர் மென்பொருளில் பிழைகள் மலைபோல் குவிந்ததால் ஒரு சிறப்பு அணி போட்டுத் தோண்டியபோது எழுதியது. அதில் ஒரு உதாரணம் காட்டுகிறார்கள். எண்ணின் குறியை மாற்ற வேண்டும், அதாவது கூட்டலைக் கழித்தலாக, கழித்தலைக் கூட்டலாக. நம்மில் யாராக இருந்தாலும் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டுப் போவோம். இவர்கள் எழுதியது: எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அதன் தனிமதிப்பை எடு, இல்லாவிட்டால் அந்த எண்ணிலிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழி! விடை சரிதான் வரும். ஆனால் எழுதியவருக்கு அடிப்படைக் கணக்கும் தெரியாது, நிரலாக்கத்தின் அடிப்படையும் தெரியாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த அணி, இந்தப் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதுவதே நல்லது என்றும் சொல்லியிருந்தது. மேலே இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் அதே மென்பொருள் நாடு முழுக்கப் போனது.

எனவே கோடு மோசம் என்பது இங்கே குற்றம் இல்லை. மோசமான கோடு எல்லா ஊரிலும் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதுவீர்கள். மோசம் என்று தெரிந்த கோடு காட்டும் எண்ணை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லும்போது, தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஓஎம்ஆர்_புழு

பார்த்தீர்களா, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள் மாமா. டெவலப்பர்கள் அறிக்கை எழுதினார்கள். மேலே இருப்பவன் குப்பையில் போட்டான். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. ஆனால் மாட்டும்போது மட்டும் நம்மைக் காட்டுவான். ஃபோக்ஸ்வேகன் ஞாபகம் இருக்கிறதா? புகைப் பரிசோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும்படி கார்களுக்கு மென்பொருள் போட்ட டீசல் மோசடி 2015இல் வெளியே வந்ததும் அதன் அமெரிக்கத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன்னால் போய், இது கம்பெனி முடிவு இல்லை, ஓரிரு மென்பொருள் பொறியாளர்கள் ஏதோ காரணத்துக்காகச் செய்தது என்றார். ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 2017இல் 40 மாதம் ஜெயில்.

பழைய_டீசல்

காருக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிற ஆட்டோமோட்டிவ் எம்பெடட் ஆள் நான், இதில் குறுக்கே வந்தே ஆகவேண்டும். லியாங் பாவப்பட்ட பலியாடு இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அடுத்து, அவர் மட்டும் மாட்டவில்லை. ஆலிவர் ஷ்மிட் என்ற மேலாளருக்கு 7 வருடம் கிடைத்தது.

அமெரிக்க வழக்கில் கம்பெனியே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட உண்மைகள் பட்டியலில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. காருக்குப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு முகம், சாலையில் ஒரு முகம். 2012 வாக்கில் சில கார்களில் புகைக்குழாய்ப் பாகங்கள் பழுதாகின. பொறியாளர்கள் காரணம் தேடினார்கள். சாலையில் ஓடும்போதும் கார் பரிசோதனை முகத்திலேயே மாட்டிக்கொள்கிறது, அதனால் பாகங்களுக்குச் சுமை கூடுகிறது என்று கணித்தார்கள். நேர்மையான டீபக்கிங்! தீர்வு என்ன தெரியுமா? பரிசோதனைக்கூடத்தில் ஸ்டீயரிங் திரும்பாது இல்லையா, அது திரும்புகிறதா என்று பார்த்து, பரிசோதனையா சாலையா என்பதை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஏமாற்று வேலையில் இருந்த பிழையை அழகாகத் திருத்தினார்கள். பிறகு அதை ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் சர்வீஸில் அப்டேட்டாகப் போட்டு, கார் நன்றாக ஓடுவதற்காக என்று சொன்னார்கள்.

அந்த அணியில் திறமைக்குக் குறைவே இல்லை. "ஏன் பழுதாகிறது?" என்ற கேள்வியைக் கடைசிவரை துரத்தியவர்கள், "இது எதற்கு இருக்கிறது?" என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்டவர்களும் இருந்தார்கள், 2006லேயே சில பொறியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததாக அதே ஆவணம் சொல்கிறது. மேலதிகாரிகள் தொடரச் சொன்னார்கள், வேலை தொடர்ந்தது.

புது_அப்ரெண்டிஸ்

ஏஐ கோடு எழுத ஆரம்பித்த பிறகு இந்தப் பொறுப்பெல்லாம் யாருக்கு அண்ணா? ரிவ்யூ பண்ணுகிறவருக்கா?

மெயின்ஃப்ரேம்_மாமா

மெர்ஜ் பட்டனை, அதாவது புதுக் கோடை மென்பொருளோடு சேர்க்கும் பட்டனை, அழுத்துகிறவருக்கு. தனி இழை தொடங்கு, அங்கே சண்டை போடுவோம்.

வக்கீல்_குமாஸ்தா

கணினி ஆள் இல்லை நான், சைபர் வழக்குகள் நடத்துகிற ஒரு சீனியரிடம் வேலை பார்க்கிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது.

பிரிட்டனில் 1984ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றில் 69ஆம் பிரிவு இருந்தது. கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். இது தேவையில்லாத தொல்லை என்று சொல்லி 1999இல் கொண்டுவந்த சட்டத்தில் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். அதற்குப் பிறகு, கணினி சரியாகத்தான் ஓடியிருக்கும் என்பது அனுமானம். இல்லை என்றால் எதிர்த்தரப்புதான் சந்தேகம் எழுப்ப வேண்டும். ஹொரைசன் கிளைகளுக்குப் போன அதே காலம் அது! பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஃபுஜிட்சுவின் சர்வரில் பிழை இருக்கிறது என்று எதை வைத்துக் காட்டுவார்? கணினி செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் அவரிடம் இல்லை. பிழைப் பட்டியலும் அவரிடம் இல்லை.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்று ஒன்று இருந்ததே, 2024 ஜூலை முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி, ஒன்று ஆவணத்தைத் தருகிற தரப்பு நிரப்புவது, இன்னொன்று நிபுணர் நிரப்புவது. கணினி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியது என்ற வாசகமும் உண்டு. நடைமுறையில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? பெரும்பாலும் கம்பெனியின் ஐடி ஆள். அதாவது உங்களில் ஒருவர். லீகல் டீம் ஒரு ஃபார்ம் அனுப்பும், "ஃபார்மாலிட்டிதான், சைன் பண்ணுங்க" என்று சொல்லும். நான் பார்த்தவரை அதை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திடுகிறவர்கள் அபூர்வம்.

சீமா மிஸ்ரா வழக்கில் ஃபுஜிட்சு பொறியாளர் ஒருவர் வந்து சாட்சி சொன்னார். தனக்குத் தெரிந்த பிழைகளை அந்தப் பொறியாளர் நீதிமன்றங்களிடம் சொல்லவில்லை என்று 2013இல் தபால் துறைக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞரே எழுதிக் கொடுத்தார். பிறகு விசாரணைக் குழு முன்னால் வந்தபோது, நிபுணர் சாட்சிக்கு என்ன கடமை என்றே தனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்ற ரீதியில் அந்தப் பொறியாளர் பதில் சொன்னார்.

ஓஎம்ஆர்_புழு

சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி சார். அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கல்கண்டு_கோடர்

நான் முன்பு ஒரு கடன் ஆப் கம்பெனியில் ஆண்ட்ராய்டு எழுதினேன், பெயர் வேண்டாம். கடன் வாங்குகிறவரின் போனில் உள்ள தொடர்பு எண்கள் அத்தனையையும் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று டாஸ்க் வந்தது. எதற்கு என்று கேட்டேன். "ஃப்ராடு செக்" என்றார் லீட். ஃப்ராடு செக்குக்கு என் மாமியார் நம்பர் எதற்கு சார் என்றேன். சிரித்தார்கள், டாஸ்க் பக்கத்து மேசைக்குப் போனது. தவணை தவறியவர்களின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துகிற செய்திகள் பேப்பரில் வந்தபோதுதான் அந்தப் பட்டியல் எதற்குப் பயன்படும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று விதி போட்டது.

ஆனால் ஹொரைசன் மாதிரி விவகாரத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்கும் தருணமே வராது என்று நினைக்கிறேன். தொடர்புப் பட்டியலை எடு என்றால் மூக்கில் வாடை அடிக்கும். டிக்கெட்டை மூடு என்றால் எந்த வாடையும் வராது. தினமும் செய்வது அது. அதனால்தான் எனக்கு ஃபோக்ஸ்வேகனைவிட இது பயங்கரமாகத் தெரிகிறது.

நைட்ஷிஃப்ட்காரன்

கல்கண்டு சொன்னதைத்தான் நான் முதல் பதிவில் சொல்லத் திணறினேன்.

ஓஎம்ஆர் பாஸ், "எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான் நம் கையில்" என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஹொரைசனில் எழுதி வைக்காமல் இல்லை! பிராக்னெலில் இருந்த ஃபுஜிட்சுவின் மூன்றாம் நிலை சப்போர்ட் அணி, தெரிந்த பிழைகளுக்கு ஒரு பதிவேடே வைத்திருந்தது. நம் நாலெட்ஜ் பேஸ் மாதிரி. பிழை என்ன, எப்போது வருகிறது, தற்காலிகமாக எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஃபால்கர்க் நகரில் காலண்டர் ஸ்கொயர் கிளையின் பெயரால் அழைக்கப்படும் பிழை ஒன்று வருடக்கணக்கில் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 2006இல்தான் சரி செய்தார்கள். ஆனால் வழக்காடியபோது அந்தப் பதிவேடு எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. கிளை நடத்தியவர்கள் 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கிலும் தபால் துறை முதலில் அதைக் காட்ட மறுத்தது. கடைசியில் ஆயிரக்கணக்கான பதிவுகள் வெளியே வந்தன.

அதாவது தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதிக்கொண்டார்கள். யார் பணம் கட்டினாரோ, யார் ஜெயிலுக்குப் போனாரோ, அவர் கண்ணுக்கு அது எட்டவில்லை. உதவி எண்ணில் "உங்களுக்கு மட்டும்தான்" என்று சொன்ன ஊழியருக்கே அது எட்டியதா என்பது சந்தேகம். டாக்குமென்ட் பண்ணிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நாம் சொல்வது பாதி வேலைதான்.

ஈஸ்ட்ஹாம்_வாசி

அந்த அணிக்குள் இருந்து வெளியே வந்து பேசினவரும் இருக்கிறார். ரிச்சர்ட் ரோல், 2001 முதல் 2004 வரை பிராக்னெலில் அந்த வேலை செய்தவர். கிளைக்காரருக்குத் தெரியாமலே தூரத்தில் இருந்து கிளைக் கணக்கில் கை வைக்க முடியும் என்று 2015இல் பிபிசியில் சொன்னார். தபால் துறை அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று சாதித்துக்கொண்டிருந்தது. பிறகு கோர்ட்டிலும் வந்து சாட்சி சொன்னார், அவர் சொன்னதுதான் நின்றது. வேலையை விட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிய பிறகு பேசினார் என்பதையும் சொல்ல வேணும். உள்ளே இருக்கும்போது பேசுவது லேசு இல்லை.

ஓஎம்ஆர்_புழு

அதுதான் என் பாயின்ட்டும். வீட்டுக் கடன் ஈஎம்ஐ, மூன்று மாத நோட்டீஸ் பீரியட், விட்டுப் போனால் ரிலீவிங் லெட்டர் தர இழுத்தடிப்பு. விசில் ஊது என்று சொல்வது சுலபம். ஊதியவனுக்கு அடுத்த வேலை யார் தருவார்?

மெயின்ஃப்ரேம்_மாமா

யாரும் உன்னை விசில் ஊதச் சொல்லவில்லை தம்பி. அந்த நிலைமைக்கு வருவதற்கு முன்னால் நூறு சின்ன இடங்கள் இருக்கின்றன, அங்கே ஈஎம்ஐக்கு ஆபத்து இல்லை. "யூசர் எர்ரர் போடு" என்று வாயால் சொன்னால், "சரி, யூசர் தவறு என்பதற்கு லாக் ஆதாரம் கிடைக்கவில்லை, நீங்கள் சொன்னபடி மூடுகிறேன்" என்று டிக்கெட்டிலேயே கமென்ட் போட்டு மூடு. வாடிக்கையாளருக்கும் தெரிகிற கமென்டாகப் போடு, உள் குறிப்பாகப் போடாதே. என் அனுபவத்தில் பாதிப் பேர் அதைப் படித்ததும் "மூட வேண்டாம், இன்னும் கொஞ்சம் பார்" என்று சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் திட்டுவார்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

சோதனைச்சாவடி

மாமா சொன்னதோடு ஒன்று. எல்லாம் தனி ஆள் தைரியத்தில் நிற்க வேண்டியதில்லை, டூலிலேயே கொஞ்சம் செய்யலாம். டிக்கெட் மூடும்போது வருகிற காரணப் பட்டியலைப் பாருங்கள். நான் வேலை பார்த்த பல இடங்களில் மென்பொருள் பிழை, யூசர் எர்ரர், டூப்ளிகேட், இவ்வளவுதான் இருந்தது. "காரணம் தெரியவில்லை" என்று ஒன்று கிடையாது. அதனால் தெரியாதது எல்லாம் யூசர் தலையில் போய் விழுகிறது. மாதக் கடைசியில் அதே எண்களை வைத்து "எழுபது சதவீதம் யூசர் எர்ரர், டிரெய்னிங் தேவை" என்று ஸ்லைடு போடுகிறார்கள். அந்த ஸ்லைடைப் பார்த்தவர் மென்பொருள் நன்றாக இருக்கிறது என்று நம்பாமல் என்ன செய்வார்?

எங்கள் இடத்தில் "காரணம் தெரியவில்லை" என்பதைச் சேர்க்க வைத்தேன். முதல் மாதம் அந்தப் பெட்டி வீங்கியது, மேனேஜருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அதற்குள் தேடியபோது ஒரே மாதிரி நாலைந்து டிக்கெட் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்திருப்பது தெரிந்தது. தனித்தனியாக மூடியிருந்தால் தெரிந்திருக்காது. யூசர் எர்ரர் என்று போட வேண்டுமானால் எந்த லாக் வரி அதைக் காட்டுகிறது என்று ஒட்டியே ஆகவேண்டும், அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டோம்.

நைட்ஷிஃப்ட்காரன்

மேடம், அந்தக் கட்டாயக் கட்டத்தை அட்மின் பக்கத்தில் எப்படிப் போட்டீர்கள்? எங்கள் டூல் வாடிக்கையாளருடையது, எங்களுக்கு அட்மின் உரிமை கிடையாது.

சோதனைச்சாவடி

அப்படியென்றால் வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு நிஜ டிக்கெட்டை உதாரணமாக வைத்துக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அவர்களுடைய ஆடிட் ஆளையும் சிசியில் வையுங்கள்.

ஓஎம்ஆர்_புழு

ஆடிட்டை சிசியில் வைத்தால் லீட் என்னைக் கொல்லுவார். அந்தக் கமென்ட் ஐடியா மட்டும் முதலில் செய்து பார்க்கிறேன்.